ஹெதருக்கு ஒரு போர்வை

டல்வர்ட்டன் பக்கம், இங்கிலாந்து,
தை மாதம் 6

அன்புள்ள அப்பாருவுக்கு,

அம்மிணி எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் ஆத்தாவும் சௌக்கியம்தானே? ஆத்தாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டேன். அவன் மாட்டுப் பொங்கல் படங்களை அனுப்பிவிட்டு, பதில் சொல்லாமல் விட்டுவிட்டான். இந்தக் கடிதத்தை அவன்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவான், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

படங்கள் எல்லாவற்றையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு, மாடுகளெல்லாம் கட்டுத்தரையில் வரிசையாக நிற்கின்றன. அதில் மயிலையின் முதுகில் மட்டும் ஒரு சாக்கு கிடந்தது. தம்பியிடம் கேட்டதற்கு, "வயசான உடம்பு, விடியக்காலப் பனி தாங்காதுன்னு அப்பாரு போர்த்தி விட்டாரு, மத்ததுக்கெல்லாம் வேண்டாமுன்னுட்டாரு" என்றான். எனக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் அதே வாரத்தில் நானும் இங்கே இரண்டு உயிர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, எதற்குப் போர்த்துவது, எதை விடுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

போன தடவை போனில் கேட்டீர்கள், "பனிக்கட்டி விழுகிற ஊருல குதிரையை வெளியவா விட்டு வெச்சிருக்கீங்க?" என்று. அதற்குள் லைன் போய்விட்டது. அதற்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு பிராக்கன், ஹெதர் என்று இரண்டு மட்டக்குதிரைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். கார்த்திகை மாதம் அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அவர் திரும்பி வரும்வரை, முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் குதிரைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, மாலை ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. தலையில் விளக்கு கட்டிக்கொண்டுதான் வைக்கோல் கட்டைத் தூக்கிப் போகிறேன். வைக்கோல் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது நெல்லந்தாள் இல்லை, கோடையில் பச்சைப் புல்லாக அறுத்துக் காயவைத்த உலர்புல். வாசனை அவ்வளவு நன்றாக இருக்கும்.

இவை எக்ஸ்மூர் என்கிற மேட்டு நிலத்தின் நாட்டு ஜாதி. உயரம் என் நெஞ்சு அளவுதான், நாலடி சொச்சம். உடம்பு காட்டுப் பழுப்பு. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மாவு பூசினாற்போல வெளுப்பு. கண்ணுக்கு மேலும் கீழும் சதை தடித்து இருக்கும், மழைத் தண்ணீர் கண்ணில் இறங்காமல் அது காக்கிறது. வால் முளைக்கிற இடத்தில் குட்டையான முரட்டு மயிர் விசிறி போல விரிந்திருக்கும். முதுகில் வழிகிற தண்ணீரை அது தொடையிடுக்குக்குப் போகவிடாமல் வெளிப்பக்கமாகத் தள்ளிவிடுகிறது. முள்ளுக்கு அஞ்சாது. இங்கே மஞ்சள் பூப் பூக்கிற கோர்ஸ் என்று ஒரு முட்புதர் உண்டு. அதைக் குளிர்காலத்தில் உதட்டால் ஒதுக்கி ஒதுக்கித் தின்னும். நம் மாடுகள் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தீர்ந்ததும் வெள்வேலங்காய் பொறுக்கித் தின்று உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்த ஜாதியில் 50 குதிரைகூட மிஞ்சவில்லையாம். பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகியதிலும், இறைச்சிக்காகத் திருடிப் போனதிலும் அழிந்தது போக மிச்சத்தை ஊர்க்காரர்கள் விடாப்பிடியாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். மேட்டில் இன்றும் மந்தைகள் கொட்டகை இல்லாமல், போர்வை இல்லாமல்தான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன.

ஆனால் போன வருஷம், வந்த புதிதில், இது எதுவும் எனக்குத் தெரியாது. மார்கழியில் ஒரு ராத்திரி பனி கொட்டியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டும் கல் சுவரோரம் திரும்பி நிற்கின்றன, முதுகெல்லாம் வெள்ளை. எனக்கு இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்குகிறது. மனசு பொறுக்கவில்லை. கொட்டகையில் தொங்கிய கனமான போர்வைகளை எடுத்துக்கொண்டு போய் இரண்டுக்கும் போர்த்தி, வார் மாட்டிவிட்டு வந்தேன். புண்ணியம் செய்தவள் மாதிரி தூங்கினேன்.

விடிந்ததும் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. என்னை அழைத்துப் போய் பிராக்கனின் போர்வையைக் கழற்றினார். உள்ளே மயிரெல்லாம் நசுங்கி, ஈரமாக, கைக்கு வெந்நீர்த் துணி போல இருந்தது. மூக்கில் வேர்வை நாற்றம். பிறகு பக்கத்துப் பண்ணைக்குக் கூட்டிப் போய், போர்வை போடாத குதிரையொன்றைக் காட்டினார். அதன் முதுகில் விழுந்த பனி உருகாமல் கூரை வேய்ந்தது போலக் கிடந்தது. என் கையுறையைக் கழற்றச் சொல்லி, கையைப் பிடித்து அந்த மயிருக்குள் தோல் வரைக்கும் நுழைத்தார். அப்பாரு, அடியில் அவ்வளவு கதகதப்பு! தோல் காய்ந்து கிடந்தது. உள்ளிருக்கிற சூடு வெளியே கசிந்தால்தானே பனி உருகும்?

இரண்டு அடுக்கு மயிர் அதற்கு. அடியில் பஞ்சு போல நெருக்கமாக ஒன்று. மேலே நீளமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்று, மழையை அது வழித்து விட்டுவிடும். குளிர் ஏறும்போது மயிர் சிலிர்த்து நிற்கும். நடுவில் காற்று தங்கும். அந்தக் காற்றுதான் போர்வை. மேலே கனமான துணியைப் போட்டால் மயிர் படுத்துவிடும், காற்று போய்விடும். அப்புறம் துணியை நம்பித்தான் அது இருந்தாக வேண்டும். நடுக்கோடை கழிந்து பகல் குறையத் தொடங்கியதுமே உடம்பு இந்த மயிரை வளர்க்க ஆரம்பித்துவிடுகிறது. குளிருக்குப் பழகிய குதிரைக்கு வயிறு நிறையத் தீனி இருந்து, காற்றும் ஈரமும் இல்லையென்றால், பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 டிகிரி வரைக்கும் தாங்கும் என்கிறார்கள். இங்கே இறங்குவதே பெரும்பாலும் மூன்று, நாலு டிகிரிதான்.

இன்னொன்று கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். குதிரைக்கு அடுப்பு வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. புல்லின் நாரை அது பெருங்குடல் பக்கம் வைத்துப் புளிக்கவைத்துத்தான் செரிக்கிறது, அந்த வேலையில் சூடு பிறக்கிறது. அதனால் குளிர் அதிகமென்றால் இங்கே விவரம் தெரிந்தவர்கள் முதலில் போர்வையைத் தேடுவதில்லை, இன்னொரு கட்டு உலர்புல்லைப் பிரிக்கிறார்கள். பிராக்கன் 320 கிலோ இருப்பான். அவனுக்கு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ உலர்புல் போடுகிறேன். ஐப்பசி அடைமழையில் நீங்கள் மாட்டுக்கு ஒரு கத்தை சோளத்தட்டு கூடப் போடச் சொல்வீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ஏன் என்று நான் கேட்டதேயில்லை.

பிராக்கனுக்கு ஒன்பது வயசு. உடம்பில் கொழுப்பு கூடுதல், கழுத்தின் மேல் திட்டாகத் திரண்டிருக்கிறது. அவனுக்குப் போர்வை போடுவது கெடுதல் என்று கால்நடை டாக்டர் போன வருஷமே சொல்லியிருக்கிறார். கோடையில் தின்று சேர்த்ததைக் குளிர்காலத்தில் கரைப்பதுதான் இந்த ஜாதியின் வழக்கம். கரையாமல் அப்படியே கொழுப்போடு வசந்தத்தின் இளம்புல்லில் வாய் வைத்தால், புல்லில் இருக்கிற சர்க்கரையால் ரத்தத்தில் இன்சுலின் ஏறி, குளம்புக்குள் இருக்கிற சதை வெந்து வீங்கிவிடும். லேமினைட்டிஸ் என்று பேர். நிற்கவே முடியாது, பின்னங்காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து சாய்ந்து நிற்கும். சிலதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாகவும் ஆகிவிடும். அன்பு மிகுதியில் போடுகிற போர்வை சித்திரை வைகாசியில் காலை வாங்கிவிடும் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

போன வாரம் யாரோ நடைப்பயணம் வந்தவர்கள் கேட்டில் ஒரு சீட்டு செருகிவிட்டுப் போயிருந்தார்கள். "இந்தக் குதிரைகள் குளிரில் வாடுகின்றன, தயவுசெய்து போர்த்துங்கள்" என்று. எனக்குக் கோபம் வரவில்லை. போன வருஷம் ஜன்னலில் நின்ற என் மனசுதான் அது. பதிலுக்கு நானும் ஒரு அட்டை எழுதி, மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியிருக்கிறேன்: "இவனுக்கு மயிரே போர்வை. கையை உள்ளே விட்டுப் பார்க்க ஆசையென்றால் கதவைத் தட்டுங்கள்."

அந்த அட்டையில் "இவனுக்கு" என்று ஒருமையில்தான் எழுத முடிந்தது, அப்பாரு. ஹெதர் விஷயம் வேறு.

ஹெதருக்கு 26 வயசு. குதிரைக்கு அது தள்ளாத வயசு. பார்வைக்கு அவளும் பந்து மாதிரிதான் தெரிவாள், மயிர் அப்படி ஏமாற்றும். மார்கழி கடைசியில் அவள் நிற்கிற இடத்தில் மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தன. கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோய் நாரை அரைக்க முடியவில்லை. மயிருக்குள் விரலை விட்டு விலாவைத் தடவினேன். எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. முதுகெலும்பு மேடாக நின்றது. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இல்லத்தில் ஒவ்வொரு பெரியவருக்கும் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கம்பளியை இழுத்து விடுகிறேன். வீட்டில் அதை மறந்துபோனேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் மழையும் பனியும் கலந்து, பலத்த காற்றோடு அடித்தது. இந்த ஊரில் குளிரைவிட அதுதான் பொல்லாதது. மேட்டின் உச்சியில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், நம் ஊருக்கு அது மூன்று வருஷ மழை. மணிக்கணக்காக நனைந்து, காற்றும் சேர்ந்தால் அந்த மயிருக்குள் தங்குகிற காற்றும் கலைந்துபோகும். பிராக்கன் வேலிப் புதருக்குப் பின்னால் பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, நிம்மதியாக அசைபோடுகிற மாதிரி நின்றான். ஹெதரின் தொடைச் சதை நடுங்கியது. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றாள். புல்லைக் கொண்டுபோய் வாயருகே நீட்டினேன், முகர்ந்துவிட்டுத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதும் எனக்குப் பயம்தான். போன வருஷம் போல ஈரத்தை உள்ளே பூட்டிவிடுவேனோ என்று. வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் தயங்கினார். இந்த ஜாதிக் குதிரைக்கு ஆயுசில் போர்வை போட்டதில்லை என்பது அவர்கள் குடும்பத்துக்குப் பெருமை. "நீதான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், உன் கை என்ன சொல்கிறது?" என்று கேட்டார். கொட்டகைக்குள் கொண்டுவந்து, காய்ந்த துண்டால் ஒரு மணி நேரம் தேய்த்துத் துவட்டிவிட்டு, தண்ணீர் இறங்காத மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்தினேன். இங்கே போர்வைக்குள் வைத்துத் தைத்திருக்கிற பஞ்சின் கனத்தை கிராமில் சொல்வார்கள். 300 கிராம் என்றால் ரஜாய் மாதிரி. ஹெதருக்குப் போட்டது 100. அரை மணியில் நடுக்கம் நின்றது.

மறுநாள் டாக்டர் வந்து பார்த்து, செய்தது சரி என்றார். மழையும் காற்றும் சேர்ந்த நாளில் போடு, காய்ந்த நாளில் கழற்று, தினமும் ஒரு தடவை முழுசாகக் கழற்றி விலாவையும் தோளில் வார் உரசுகிற இடத்தையும் தடவிப் பார் என்றார். இப்போது புல்லை அரைத்துக் குச்சியாக்கிய தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுக்கிறேன். மயிலைக்கு நீங்கள் புண்ணாக்கு ஊறவைக்கிற அதே வாளி அளவு. கடைசிச் சொட்டு வரை நக்கிவிடுகிறாள்.

டாக்டர் ஒன்று சொன்னார். நார்வே நாட்டில் 23 குதிரைகளுக்குப் பலகை காட்டிப் பழக்கினார்களாம். ஒரு பலகையை மூக்கால் தொட்டால் போர்வை போடு, இன்னொன்றைத் தொட்டால் எடுத்துவிடு, வெறும் பலகையைத் தொட்டால் இப்படியே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்குள் எல்லாமே கற்றுக்கொண்டன. வெயில் நாளில் எடுக்கச் சொல்லின, குளிர் மழையும் காற்றும் அடிக்கும்போது போடச் சொல்லின. 2016-ல் அதை வெளியிட்டிருக்கிறார்கள். ஹெதருக்குப் பலகை பழக்க எனக்கு நேரமில்லை. ஆனால் இப்போதெல்லாம் போர்வையை எடுத்துக்கொண்டு போனால், வானம் பார்த்து அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நிமிஷம் நின்று கவனிக்கிறேன். நேற்று வெளுத்திருந்தது, விலகிப் போய்விட்டாள். போர்த்தாமல் திரும்பிவிட்டேன்.

மயிலை எப்படி இருக்கிறாள் என்று தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சாக்கு எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள், நனைந்துவிட்டால் என்ன செய்கிறீர்கள், அதையும். அவளுக்கும் பல் தேய்ந்திருக்குமே, தட்டை நறுக்கிப் போடுகிறீர்களா?

மணி ஏழரை. மழை விட்டுவிட்டது, மேற்கே இரண்டு நட்சத்திரம் தெரிகிறது. ராத்திரி உறைபனி என்று ரேடியோவில் சொன்னார்கள், காற்று இல்லை. தோல் காய்ந்திருந்தால் ஹெதரின் போர்வையைக் கழற்றிவிட்டு வர வேண்டும்.

உங்கள் பேத்தி,
அம்மிணி