ஒன்பதாம் கேள்வியைப் பேரன் கேட்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டிப் பினாங்கில் ஆலய மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். சொற்பொழிவைக் கேட்டுவிட்டு மறுநாள் கிளினிக்குக்குப் போகிறவருக்கு அங்கே தமிழ் கிடைக்குமா என்பதையும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் தாள்களில் ஒன்று பி.எச்.கியூ-9. கடந்த 2 வாரங்களில் தூக்கம், பசி, சோர்வு எப்படி என்பன போன்ற 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மேலும் விசாரிப்பார்கள். ஒன்பதாவது கேள்விதான் கடினம். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும். அதற்கு 1 விழுந்தாலே, மொத்தப் புள்ளி எவ்வளவாக இருந்தாலும், அவரிடம் தனியாகப் பேசியாக வேண்டும்.

மலாய் சரியாக வராத பாட்டியிடம் இதைக் கேட்பது யார்? கூட வந்த பேரனோ மருமகளோதான். அவர்களுக்கு நா எழாது. "கவலையா இருக்கா பாட்டி?" என்று கேள்வி சுருங்கிவிடும். அப்படியே கேட்டாலும் பிள்ளைகள் முன்னால் பாட்டி "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பார். தாளில் 0 விழும். பாசத்தால் நேரும் பிழை; யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாட்டி தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பிவிடுகிறார்.

நம் பெரியவர்கள் "மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதுமில்லை. "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "தலை கனக்குது" என்பார்கள். சொல்லுக்குச் சொல் மலாயில் மாற்றினால் இருதயத்தைச் சோதிப்பார்கள். அது தேவைதான், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

அந்தத் தாளுக்குத் தமிழ் வடிவம் உண்டு. அது கிளினிக்கில் இருக்கிறதா என்று ஆலய நிர்வாகம் கேட்டுப் பார்க்கலாம். இரு மொழியும் தெரிந்த ஓர் ஆண், ஒரு பெண் எனத் தொண்டர்களைத் தேர்ந்து, கிளினிக்கின் அனுமதியோடு அனுப்பலாம். சொன்னதைச் சொன்னபடி மாற்றுவது, கேட்டதை வெளியே பேசாதிருப்பது, இந்த இரண்டும் அவர்களுக்குப் பழக்கப்பட வேண்டும். ஒரே கோயிலில் பார்த்துப் பழகிய முகமென்றால் பாட்டி வாய் திறக்க மாட்டார். எனவே பக்கத்து ஊரான பிறையில் இருப்பவர் பட்டர்வொர்த்துக்கும், அங்கிருப்பவர் பிறைக்கும் போவது நல்லது.

மருந்து கொடுக்கும்போதும் தமிழ் வேண்டும். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட 2 முதல் 4 வாரமாவது ஆகும் என்பது புரியாமல் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். குணம் தெரிந்ததும் தாமாகவே நிறுத்துவது இன்னொரு தவறு. திடீரென விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம்.

இன்னொன்றையும் மேடையில் சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து "தவறி விழுந்துட்டார்" என்று மறைத்தால் காயத்துக்கு மட்டுமே மருந்து கிடைக்கும்.

சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணைத் துண்டறிக்கையில் அச்சடிக்குமுன், உங்களில் ஒருவர் அதை அழைத்துத் தமிழில் பேச எந்த நேரத்தில் ஆள் இருப்பார் என்று கேளுங்கள். அந்த நேரத்தையும் எண்ணின் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
மனநலத் தொண்டர்கள் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு