பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கும் முன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பொதியும் அதற்குள் மடித்து வைத்திருந்த பெயர்ப் பட்டியலும் கிடைத்தன. தையில் கொழும்பு வேலையை விட்டு வந்து, வீட்டு முன்னறையில் பட்டறை போட்டு, கைவேலை நகைகளை உனக்கென ஒரு பெயரில் விற்கப் போவதாக எழுதியிருந்தாய். வேலையை விடுவது பற்றி அப்பா தனியாக எழுதுவார். அவருக்கு அதில்தான் யோசனை. நான் பெயரைப் பற்றி எழுதுகிறேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு மேசையில் இருந்து ஓய்வுபெற்ற தாயிடம் நீ கேட்டதே முறை என்று எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

பட்டியலில் முதலாவதாக நீ எழுதியிருக்கும் "தங்கத் தாமரை" வேண்டாம். நீ செய்யும் எதிலும் தங்கம் இல்லை. நமது பகுதியில் தங்கம் என்பது அணிந்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று; விதைப்புக் காலத்தில் வங்கியில் அடகு வைத்து, வேளாண்மை வெட்டிய பிறகு மீட்டெடுக்கும் சேமிப்பு அது. ஆகவே தங்கம் என்ற சொல்லைப் பலகையில் கண்டு உள்ளே வரும் பெண் முதலில் எத்தனை பவுண் என்றுதான் கேட்பாள். நீயோ பித்தளையையும் தேங்காய்ச் சிரட்டையையும் நூலையும் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். விளக்கம் சொல்லிக்கொண்டே தொடங்கும் வியாபாரத்தில் விலை சொல்ல வாய் வராது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்லியிருப்பேன்: பொருளில் இல்லாத உலோகம் பெயரில் இருக்கக் கூடாது.

நீ மாதிரிக்கு அனுப்பிய தோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சிரட்டை வட்டத்தின் விளிம்பைக் கன்னத்தில் உரசினாலும் கீறாத அளவுக்கு மெருகிட்டிருக்கிறாய். மருதமுனைக் கைத்தறிச் சேலையின் கரைத் துண்டைச் சுற்றி ஒட்டிய இடத்தில் நூல் பிரியவில்லை. அந்த நீலமும் மண்ணிறமும் சிரட்டையோடு நன்றாகவே பொருந்துகின்றன. குறை இருப்பது கொக்கியில். கம்பியை வெட்டிய முனையை அரத்தால் தேய்க்காமல் விட்டிருக்கிறாய். விரலால் தடவும்போது முள்போலத் தட்டுப்படுகிறது. அதோடு, கொக்கியையும் வட்டத்தையும் இணைக்கும் சிறு வளையத்தின் வாய் முழுதாக மூடவில்லை. தலைமுடி அந்த இடைவெளியில் சிக்கினால் தோடு அப்போதே கழன்று விழும், விழுந்தது வீட்டுக்குப் போகும் வரை தெரியாது. வளையத்தை விரித்துத் திறக்காமல், இரண்டு குறடுகளால் பிடித்து ஒரு முனையை முன்னுக்கும் மறு முனையைப் பின்னுக்குமாகத் திருப்பித் திறந்தால், மூடும்போது வாய் சரியாகச் சேரும். இதை உன் பெரியம்மா வீட்டுக்கு அருகில் இருக்கும் தட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கொக்கிக் கம்பி எந்த உலோகம் என்று நீ எழுதவில்லை. கடையில் "வெள்ளிக் கம்பி" என்று சொல்லி விற்பதெல்லாம் வெள்ளியாக இராது. பெரும்பாலும் செம்பின் மேலோ பித்தளையின் மேலோ பூசியது. சிலவற்றில் நிக்கலும் கலந்திருக்கும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத காது சிவந்து, அரித்து, நீர் வடியும். ஐரோப்பிய ஒன்றியத்திலும், அதில் சேராத சுவிஸிலும் பிரித்தானியாவிலும் நகையிலிருந்து வெளியேறக்கூடிய நிக்கலின் அளவுக்குச் சட்ட வரம்பே இருக்கிறது. சுவிஸிலும் இலண்டனிலும் இருக்கும் நமது பிள்ளைகளுக்கு விற்க நினைக்கும் நீ இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. காதுக்குள் போகும் பகுதிக்கு மட்டுமாவது 925 வெள்ளியைப் பயன்படுத்து, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதியில் பெரும்பகுதி செம்பு. உப்புக் காற்று வீசும் நமது ஊரில் அதுவும் கறுக்கும், ஆனால் துடைத்தால் பளிச்சிடும், காதைப் புண்ணாக்காது. மற்றப் பகுதி பித்தளை என்றால் அட்டையில் பித்தளை என்றே எழுது, வியர்வையில் பச்சை பிடிக்கும் என்பதையும் சேர்த்து எழுது.

இனி மற்றப் பெயர்களுக்கு வருகிறேன். "மீன்மகள்" கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லடிப் பாலத்திலிருந்து பஸ் நிலையம் வரை நடந்தால் மீன் என்று தொடங்கும் பலகைகள் எத்தனை கண்ணில் படும் என்று உனக்கே தெரியும்; நமது வாவியின் பாடும் மீனை இந்த ஊரில் எல்லோரும் பயன்படுத்தித் தேய்த்துவிட்டார்கள். "மட்டக்களப்பு கைவேலை நகை" என்பது பெயரே அன்று, விவரணம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், பொருளின் வகையையோ அது வந்த இடத்தையோ மட்டும் சொல்லும் குறியை வியாபாரக் குறியாகப் பதிய முடியாது. நாளை இன்னொருத்தியும் அதே சொற்களைத் தன் கடைக்கு எழுதினால் உன்னால் எதுவும் சொல்ல முடியாது. "சிரட்டை" என்பதற்கும் இதே தடை உண்டு. தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கு மட்டும் சிரட்டையில் தேநீர் கொடுத்த காலம் யாழ்ப்பாணத்தில் இருந்ததை மறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் யோசித்துப் பார்.

கடைசியாக, பாதி மனதோடு எழுதியதுபோல் சிறிதாக எழுதியிருக்கிறாயே "எழுவான்" என்று, அதைத்தான் நான் எடுப்பேன். வாவிக்கும் கடலுக்கும் இடையே, சூரியன் எழும் பக்கத்தில் நாம் இருக்கும் இந்த எழுவான்கரை அதில் இருக்கிறது. ஆனால் தங்கம் என்றோ சிரட்டை என்றோ எதையும் அது வாக்குக் கொடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து நீ வெள்ளி வேலைக்கு மாறினாலும் பெயர் பொய்யாகாது. ஒரே சிக்கல் ழகரம். ஆங்கிலத்தில் அதை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதுவார்கள். இன்ஸ்டகிராமில் தேடுபவர் ஒரு எழுத்து மாற்றித் தேடினால் வேறு எங்கோ போய் நிற்பார். எனவே ஒரே எழுத்துக்கூட்டலை முதலில் முடிவு செய்து, முகநூல், அட்டை, பை, பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும் அதையே வை. காத்தான்குடியில் ஒரு கடைக்காரரிடமும், கனடாவில் பிறந்து வளர்ந்த உன் மச்சாள் பிள்ளையிடமும் தொலைபேசியில் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லிப் பார். இருவரும் எழுதுவது நீ நினைத்த எழுத்துகளுக்குக் கிட்ட வந்தால் போதும்.

பதிவைப் பற்றிப் பலரும் நினைப்பது சரியல்ல. வியாபாரப் பெயர்களைப் பதியும் சட்டம் இந்த நாட்டில் 1918ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சொந்த முழுப்பெயரில் வியாபாரம் செய்பவர் தவிர மற்றவர் பதிய வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் இந்தப் பெயரில் வியாபாரம் செய்பவர் இன்னார் என்று காட்டுவதற்கும், வங்கியில் அந்தப் பெயருக்குக் கணக்குத் திறப்பதற்கும்தான் உதவும்; பெயரை உனக்கே உரிமையாக்காது. மேசைக்கு வந்த பலர் சான்றிதழைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டி, இனி யாரும் தொட முடியாது என்று நம்பிப் போனார்கள். நான் சொல்லியும் கேட்கவில்லை. பெயர் உனக்கே வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும். நகைகளுக்கு 14ஆம் வகுப்பு; பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நீ இப்போது கொழும்பில் இருப்பதால், வேலையை விடும் முன்பே அங்கே போய் இதே பெயரோ இதைப் போன்றதோ ஏற்கெனவே பதியப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடு. பலகைக்கு எழுதக் கொடுத்த பிறகு தேடுவதில் பயனில்லை. இங்கே மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் பதிவதற்கு இட உரிமையைக் காட்ட வேண்டும். இந்த வீட்டை உன் பெயருக்கே எழுதியிருப்பதால் காணி உறுதியின் பிரதி போதுமாக இருக்கும்.

பாசிக்குடாவில் பொறுக்கிய சங்கு, சிப்பிகளில் மாலை கட்டும் யோசனையையும் எழுதியிருந்தாய். பவளமும் ஆமையோடும் எந்த வடிவிலும் வேண்டாம், அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை; சில சிப்பிகளும் அப்படியே, எனவே வகை தெரியாததைத் தொடாதே. குன்றிமணியும் வேண்டாம். அழகுதான், ஆனால் துளையிட்ட விதையை ஒரு குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடி விதை முழுச் சிவப்பு, கறுப்புப் பொட்டு இல்லாதது, அதை எடுத்துக்கொள்.

தொடங்கும் காலத்தைப் பற்றி என் எண்ணம் வேறு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலடியில் கடை போடலாம் என்கிறாய். அங்கே வளையல் வாங்குபவர்கள் ஐம்பது ரூபாய் குறையும் கடையைத் தேடித் திரிபவர்கள். ஒரு சோடித் தோட்டில் நீ செலவழிக்கும் நேரத்தை அந்த நெரிசலில் யாரும் கேட்க மாட்டார்கள். பங்குனியில் தொடங்கினால் சித்திரைப் புத்தாண்டுக்குப் பரிசு வாங்குபவர்கள் இருப்பார்கள். அதன் பின் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் வெளிநாட்டவர் வரும் காலம் தொடங்கும். ஆடி ஆவணியில் புலம்பெயர்ந்த நமது உறவினர்கள் விடுமுறைக்கு வருவார்கள். ஐப்பசிக்குப் பிறகு மழை பிடித்துவிடும், அதைச் செய்து சேர்க்கும் காலமாக வைத்துக்கொள். அறுகம்பைக் கடைகளில் விற்ற பின் பணம் என்ற ஏற்பாட்டில் கொடுத்தால், என்ன, எத்தனை, என்ன விலை, கடைக்காரருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையொப்பம் வாங்காமல் ஒரு சோடியைக்கூட விட்டு வராதே. விலையில் உன் கூலி நேரத்தையும் கடைக்காரரின் பங்கையும் சேர். வீட்டில் இருந்துதானே செய்கிறாய் என்று சொந்தக்காரர்கள் குறைத்துக் கேட்பார்கள், என் தங்கை உட்பட.

எழுத்துக்கூட்டலை முடிவு செய்ததும் எனக்கு எழுது. நான் விண்ணப்பப் படிவத்தை வாங்கி, கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். கொக்கிகளை மாற்றிய ஒரு சோடியை அடுத்த பொதியில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா