போசனும் தண்டலும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. கப்பலில் வேலைப் பட்டியலில் இருந்த மாலுமித் தலைவரின் பதவிப் பேரை 'போட்ஸ்வெயின்' என்று வாசித்தாய், மெஸ்ஸில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது என்றாயே, அதுதான் எனக்கு வலித்தது.

அய்யா, எழுதியிருந்ததைத்தானே நீ வாசித்தாய்! 'ஸ்வெயின்' பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் சொல். பையன், ஏவலாள் என்று பொருள். படகுப் பையன், அவ்வளவுதான். கப்பல்காரர்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து அது 'போசன்' ஆகிவிட்டது. காகிதத்தில் மட்டும் பழைய உருவம் அப்படியே நிற்கிறது. கப்பலின் முன்பகுதிக்கு 'ஃபோர்காசில்' என்று எழுதியிருக்கும், சொல்வது 'ஃபோக்ஸில்'. அந்தக் காலப் போர்க்கப்பலின் முன்பக்கத்தில் கோட்டை மாதிரி மேடை கட்டி வில்லாளிகளை நிறுத்துவார்களாம். மேடை போய்விட்டது, பேர் இருக்கிறது. கப்பல் சாப்பாட்டுச் சாமானுக்கு 'விட்டில்ஸ்' என்பார்கள். லத்தீன் படித்தவர்கள் எழுத்தில் மட்டும் நடுவில் ஒரு 'சி'யை நுழைத்தார்கள், நாக்கு அதைச் சட்டை செய்யவில்லை.

துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், கப்பலைக் கொண்டுவந்து கட்டி நிறுத்தும் மேடையை நான் 'குவே' என்றேன். அது 'கீ'. முன்பு இங்கிலீஷ்காரர்களே ஒலிக்கிறபடிதான் எழுதினார்கள். பிரெஞ்சைப் பார்த்துப் பிறகு எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாயங்காலமே பழைய புத்தகக் கடையில் அகராதி வாங்கினேன். சின்னப் பிள்ளையில் நீ அட்டையைக் கிழித்தாயே, அதே நீல அகராதிதான். ஓரமெல்லாம் பென்சிலில் தமிழில் உச்சரிப்பு எழுதியிருப்பேன். 'கீ' பக்கம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துவிட்டது.

இன்னொன்று. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் 'டிண்டல்' என்று ஒரு சொல் இருக்கிறது. லஸ்கர், அதாவது வெள்ளைக்காரர் கப்பலில் வேலை செய்த நம் நாட்டு மாலுமிகளுக்குத் தலைவன் என்று பொருள் போட்டிருக்கிறது. அது யார் தெரியுமா? நம்ம தண்டல்! தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன உன் தாத்தாவின் வேலைப் பேர். கட்டுமரமும் அப்படித்தான். டாம்பியர் என்ற கடலோடி 1697இல் அச்சிட்ட பயணப் புத்தகத்திலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இருக்கிறது. இன்றைக்கு அவர்கள் அதை 'கேட்டமரான்' என்கிறார்கள், இரட்டை உடல் படகைக் காட்டுகிறார்கள். மரத்தை மரத்தோடு கயிற்றால் கட்டியது எங்கே, அது எங்கே! நம் கரையில் யாரும் அதற்காக அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நீ கூசாமல் பேசு. தெரியாத சொல்லை அந்தப் போசனிடமே கேள். தொழில் தெரிந்த மனிதர், சொல்லித் தருவார். காற்று நேரே அடிக்காத மறைவான பக்கத்துக்கு 'லீவர்டு' என்று எழுதுகிறார்களே, மாலுமிகள் அதை 'லூவர்டு' என்பார்கள் என்று அகராதி சொல்கிறது. உங்கள் கப்பலில் எப்படிச் சொல்கிறார்கள் என்று காதில் வாங்கி, அடுத்த தடவை போனில் எனக்குச் சொல். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா