எலிக்குச் சரி, நோயாளிக்கு?

ஆசிரியருக்கு,

அறுவை சிகிச்சையில் இடம் மாற்றிப் பொருத்தும் தோல் மடலை (ரத்த நாளங்களோடு சேர்த்து எடுக்கும் தோல் துண்டை) ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் காக்கும் என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். தடைபட்ட ரத்த ஓட்டம் திரும்பும்போது உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்னும் நிலையற்ற மூலக்கூறுகள் திசுவைச் சிதைப்பதும், இத்தடுப்பான்கள் அவற்றை அடக்குவதும் உண்மைதான். ஆனால் இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடம் கிடைத்தவை; எலியின் தளர்வான தோலும் நம் தோலும் ஒன்றல்ல.

செவிலியராக நான் பார்த்தவரை, மடலைக் காப்பாற்றுவது முதல் சில நாள் கண்காணிப்புதான். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்துச் சில்லிட்டாலோ நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவரை அழைப்போம். செய்தியை நம்பி, அத்தகைய தடுப்பான்களில் ஒன்றான வைட்டமின் ஈ மாத்திரையைத் தாமாக விழுங்குவோரை நினைத்தால்தான் கவலை; அளவு கூடினால் அது ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். இனி ‘விலங்குச் சோதனை’ என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். அப்படியே, மடலுக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் புகைப்பழக்கத்தைச் சிகிச்சைக்கு முன் நிறுத்தச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள்.

— ஒரு வாசகர்