ஒரு பழைய பஸ்ஸை ஒதுக்கிக் கொடுங்கள்: கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்

கும்டா எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் அலுவலர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பரில் நீங்கள் கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க முடிகிறது. அதே ஆண்டு ஜனவரியிலிருந்து, மெட்ரோவில் தொட்டுப் பயணிக்கும் சிங்காரச் சென்னை அட்டை மாநகரப் பேருந்திலும் செல்லுபடியாகிறது. நடத்துநர் கையில் டிக்கெட் கட்டு போய் மெஷின் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் 150 பேருந்துகளில் நிறுத்தத்தின் பெயரைத் தானாகவே அறிவிக்கும் ஒலிபெருக்கி வந்தது. எல்லாமே வேண்டியவைதான், அதில் சண்டை இல்லை. இவற்றை மக்கள் கையில் கொடுப்பதற்கு முன் எந்த இடத்தில், யாரை வைத்துச் சோதிக்கிறோம் என்பதைப் பற்றியே இந்த மடல்.

சோதனையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டெண்டரில் அதற்கு ஒரு பிரிவு இருக்கும், ஒப்பந்ததாரர் செய்து காட்டுவார், அலுவலர் கையெழுத்துப் போடுவார். ஆனால் இப்படிப்பட்ட செயல்விளக்கங்களில் வழக்கமாகச் சோதிக்கப்படுவது கருவி மட்டும்தான். டிக்கெட் அச்சாகிறதா, பணம் கணக்கில் சேர்கிறதா, சர்வர் தாங்குமா என்று பார்ப்பார்கள். கருவியைத் தொடும் ஆள் யாரென்று பார்த்தால், அதை ஏற்கெனவே கரைத்துக் குடித்த ஊழியராக இருப்பார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேல் ஏசி ஓடும், வைஃபை முழுசாக இருக்கும்.

பயன்பாட்டு எளிமை என்றால் என்ன என்பதற்கு ஐஎஸ்ஓ 9241-11 என்று ஒரு பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட சூழலில் எவ்வளவு சரியாக, எவ்வளவு சிரமமில்லாமல், எவ்வளவு திருப்தியாக முடிக்கிறார்கள் என்பதே அதன் அளவுகோல். சூழலை எடுத்துவிட்டால் அளக்க ஒன்றுமே மிச்சமில்லை. மாநாட்டு அறையில் பத்து நொடியில் டிக்கெட் கொடுத்த மெஷின், காலை எட்டரை மணிக்கு நெரிசலான 29சி பஸ்ஸில் எத்தனை நொடி எடுக்கும் என்பது வேறு கணக்கு.

அந்த 29சி-க்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம். நடத்துநருக்குத் தோளில் பை, ஒரு கையில் மெஷின், இன்னொரு கை கம்பிக்கும் சில்லறைக்கும் பொது. ஏறும் இடம், இறங்கும் இடம், எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் டிக்கெட் உண்டு, அதையும் கிழித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒருவர் அலைபேசியை நீட்டி கியூஆர் கேட்பார். ஜன்னல் வழியே வெயில் திரையில் விழுந்து எழுத்து தெரியாது. பணம் போய்விட்டது என்று பயணி சொல்வார், வரவில்லை என்று மெஷின் சொல்லும். அதற்குள் ஓட்டுநர் பிரேக் போடுவார், அடுத்த ஸ்டேஜ் வந்துவிடும். இந்த அமைப்பைப் பயன்படுத்துபவர் பயணி மட்டுமில்லை, நடத்துநரும்தான். சொல்லப்போனால் பயணியை விட அவருக்குத்தான் அதோடு அதிகப் பாடு. ஆகவே, அவர் பெருவிரல் எட்டும் இடத்தில் பொத்தான் இருக்கிறதா, தப்பாக அழுத்தியதை ஒரே தட்டலில் திருத்த முடிகிறதா என்பதையெல்லாம் ஓடும் வண்டியில்தான் பார்க்க முடியும். பஸ்ஸில் மெஷின் வந்த பிறகு "ஏன் லேட்?" என்று நடத்துநருக்கு மெமோ கொடுப்பது சுலபம். முன்கூட்டியே கேட்டிருந்தால் மெமோவே தேவைப்படாது.

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் ஜேஆர் கிழக்கு ரயில்வே, வாயிலில் தொட்டுப் பயணிக்கும் சூய்கா அட்டையை 2001 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, தொட்டுச் செல்லும் அந்த வாயிலை வடிவமைக்க ஷுன்ஜி யமனாகா என்பவரை அழைத்தார்கள். அப்போது அட்டையும் வாயிலும் தொழில்நுட்ப அளவில் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. மனிதர்களை நடக்கவிட்டுப் பார்த்தபோதுதான் ஏறக்குறைய பாதிப்பேர் சரியாகக் கடக்க முடியாமல் நின்றார்கள். அட்டையைப் படிக்க வாயிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு நொடியாவது வேண்டும். ஆட்களோ விசிறிவிட்டுப் போனார்கள், செங்குத்தாகப் பிடித்தார்கள், எங்கே காட்டுவது என்று தேடினார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தாமல் வாயிலை மாற்றினார் யமனாகா. டோக்கியோவின் தமாச்சி நிலையத்தில் வெவ்வேறு வடிவ மாதிரிகளை நிறுத்தி, பழக்கமில்லாதவர்களை அவற்றின் வழியே நடக்கச் செய்து, ஒவ்வொருவர் கையும் எங்கே போகிறது என்று கவனித்தார். கடைசியில் கிடைத்த விடை, ஒளிரும் ஒரு பலகையைப் பயணியை நோக்கி 13.5 பாகை சாய்த்து வைப்பது. கேட்டால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் மேஜையில் உட்கார்ந்து யோசித்து யாரும் அந்த 13.5-க்கு வந்திருக்க முடியாது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் இன்னும் பெரிய அளவில் செய்கிறது. டேகனமில் உள்ள அவர்களின் 'பேர்ல்' ஆய்வுக்கூடத்துக்குள் முழு அளவில் ஒரு ரயில் நிலையத்தையோ தெருவையோ கட்டி, வெளிச்சம், ஓசை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்க முடியும். அவ்வளவு பெரிய கட்டடத்தை நான் உங்களிடம் கேட்கவில்லை.

நான் கேட்பது 'கண்டம்' என்று கழித்துவிட்ட ஒரு பழைய பஸ். அதுதான் டிப்போவுக்கு டிப்போ நிற்கிறதே! ஓடக்கூடிய நிலையில் ஒன்றைப் பிடித்து, டிப்போ வளாகத்துக்குள்ளேயே சுற்றவிடலாம். பக்கத்தில் நிழற்குடையோடு ஒரு நிறுத்தம், வழித்தடப் பலகை, ஒரு மெட்ரோ வாயில், ஒரு டிக்கெட் மெஷின். ஒலிபெருக்கியில் பாரிமுனையின் இரைச்சலைப் பதிவு செய்து ஓடவிடுங்கள். மொட்டை வெயிலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, கையில் ஈரத்தோடு ஒரு முறை செய்து பாருங்கள். பஸ்ஸுக்குள் நாற்பது பேரை நிற்க வைத்துவிட்டு, நடுவில் நிற்பவருக்கு நிறுத்த அறிவிப்பு கேட்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் ஆட்கள். கோயம்பேட்டுக்குக் காய்கறி எடுக்க வரும் அம்மா, கட்டட வேலைக்கு வந்திருக்கும் இந்திக்காரப் பையன், பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா, பார்வையற்ற கல்லூரி மாணவி, இடுப்பில் குழந்தையோடு ஒருவர். "இதை அழுத்துங்கள், அப்புறம் அதை அழுத்துங்கள்" என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. "நீங்கள் ஆவடியிலிருந்து அடையாறு போக வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை, அதிகாரிகளுக்கு இன்னும் கஷ்டம். ஜெமினி என்று மக்கள் சொல்லும் பெயரில் தேடுகிறவருக்கு அண்ணா மேம்பாலம் கிடைக்கிறதா என்பது போன்ற விஷயங்கள் இப்படித்தான் வெளியே வரும்.

எல்லாம் நன்றாகப் போகும்போது மட்டும் பார்த்தால் பாதிச் சோதனைதான். வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். பத்து ரூபாய் மிச்சமுள்ள அட்டையைக் கொடுங்கள். பணம் கழிந்து டிக்கெட் வராமல் போகட்டும். அந்த நிமிடத்தில் பயணி யாரிடம் போகிறார், திரை அவருக்கு என்ன சொல்கிறது என்பதை எழுதி வையுங்கள்.

தாழ்தளப் பேருந்துகளுக்கும் இதே மாதிரி இடம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போராடிய பிறகு அவை 2024-இல் மீண்டும் சாலைக்கு வந்தன. பஸ் குனிகிறது, சாய்தளம் விரிகிறது, சரி. ஆனால் சாய்தளம் வந்து இறங்குவது நடைபாதையிலா, ஆட்டோ நிற்பதால் தள்ளி நிறுத்திய பஸ்ஸிலிருந்து நடுரோட்டிலா? பஸ்ஸைத் தனியாகவும் நிறுத்தத்தைத் தனியாகவும் ஒப்புதல் செய்தால் இரண்டுமே தேர்ச்சி பெறும், சக்கர நாற்காலி மட்டும் கீழேயே நிற்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உறுதி சொல்வது பயணத்துக்கு, உதிரி பாகங்களுக்கு அல்ல.

டிப்போவில் தேறியதை நேராக ஊர் முழுக்க விடவும் வேண்டாம். ஒரே ஒரு தடத்தில், 21ஜி என்று வையுங்களேன், சில வாரம் ஓட்டிப் பாருங்கள். டிப்போவில் ஒரே தவறைத் திரும்பத் திரும்ப வரவழைத்துக் காரணம் கண்டுபிடிக்கலாம், யாருக்கும் பஸ் தவறாது. தெருவில் நாம் நினைத்தே பார்க்காதவை வரும். ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது.

செலவு என்று சொல்வீர்கள். மாநகரப் பேருந்தில் மட்டும் தினமும் முப்பது லட்சம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு நொடி வீணானால் என்ன ஆகும் என்று உங்கள் கணக்கு அதிகாரியே சொல்வார். தவிர, ஒவ்வொரு வகைப் பயணியிலும் ஐந்தாறு பேர் இருந்தாலே பெரிய தவறுகள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும், ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவையில்லை.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர், ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓட வடிவமைக்கப்பட்டவை. பெட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் தேடப் போவது அவசர பொத்தானை. நெரிசலில் அது கண்ணில் படுமா, அழுத்தியதும் மறுமுனையில் யாரோ கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரியுமா என்பதை மாதிரிப் பெட்டி ஒன்றில் முதன்முறை ஏறுகிறவர்களை வைத்துச் சோதியுங்கள், ஊழியர்களை வைத்து அல்ல.

அடுத்து நீங்கள் விடும் டிக்கெட் மெஷின் அல்லது தகவல் பலகை டெண்டரில் ஒரு நிபந்தனை சேருங்கள்: மாதிரிச் சூழலில் வெளி ஆட்களை வைத்துச் செய்த சோதனையில் தேறினால்தான் இறுதித் தவணை. எத்தனை பேர் முயன்றார்கள், எத்தனை பேர் எங்கே சிக்கினார்கள் என்ற அறிக்கையைத் தமிழில் வெளியிடுங்கள். சோதனைக்கு ஆள் வேண்டுமென்றால் நிறுத்தங்களில் ஒரு அறிவிப்பு ஒட்டினால் போதும், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பயணி