‘பழைய கார் என்றால் பெட்ரோல் வாடை வரத்தான் செய்யும்’ என்பது சரியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர் என்று ஏதாவது ஒரு பழைய காரைத் துணி போர்த்திப் பாதுகாத்து வரும் வீடுகள் நம் ஊர்களில் இன்னும் நிறைய உண்டு. கார் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தால், “அந்தக் காலத்து வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் உண்டு. அதில் பாதிதான் உண்மை. ஓட்டி வந்து நிறுத்திய பிறகு ஒரு மணி நேரம்வரை லேசாக வாடை வரலாம். என்ஜினை அணைத்ததும் காற்றோட்டம் நின்றுவிடும். அடியிலிருந்து ஏறும் சூட்டில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் (பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணத்தில்) இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, மூடியில் உள்ள துளை வழியே வெளியேறும். அந்த ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி அறுபது, எழுபதுகளின் வண்டிகளில் கிடையாது. ஆனால் மறுநாள் காலையிலும் ஷெட்டில் வாடை நின்றால், எங்கோ கசிகிறது என்றுதான் பொருள்.

தேடத் தொடங்கும் முன் பாதுகாப்பைப் பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையோடு தவழ்ந்து, தாழ்வான மூலையிலும் வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் பள்ளத்திலும் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். நம் வீட்டுக் கார் ஷெட்டிலோ இன்வெர்ட்டர், போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும். எனவே கடுமையான வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடக் கூடாது. எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. கதவை அகலத் திறந்து வைத்துக் காற்றோடவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைக் கையால் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுவது வெளியே வந்து, வாடை கலைந்த பிறகுதான். ஷெட்டுக்குள் கழற்றினால் அதிலேயே பொறி பறக்கும். டார்ச்சையும் வெளியிலேயே எரியவிட்டுக்கொண்டு உள்ளே போகலாம். இரண்டு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் வாளி இதற்கு உதவாது. எரியும் பெட்ரோல் அதன் மேலேயே மிதந்து பரவும்.

இன்னொன்று. காரைக் குறை சொல்லும் முன் ஷெட்டில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். மூடி சரியில்லாத பெட்ரோல் கேன், தின்னர் டின், ஜெனரேட்டர், பெட்ரோல் திருகை மூடாமல் நிறுத்திய பழைய ஸ்கூட்டர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றே காரணமாக இருந்து, கார் வீணாகப் பிரிக்கப்பட்டுவிடும்.

மூக்கை வைத்து “எங்கே” என்று தேடுவதில் பலன் குறைவு. தரைச் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஆவி ஓடிவிடும். பின்னால் டேங்க் கசிந்தால்கூட முன் சக்கரத்தருகே நாறலாம். அத்துடன் சில நிமிடங்களில் மூக்கும் வாடைக்குப் பழகிப்போகும். வாடை எப்போது வருகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

டேங்கை நிரப்பிய அன்று மட்டும் வாடை வந்தால் கோளாறு டேங்கின் மேல்பகுதியில் இருக்கும். பெட்ரோல் ஊற்றும் கழுத்தையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் குழாய், பெட்ரோல் மீட்டர் யூனிட்டின் அடியில் இருக்கும் கார்க் கேஸ்கட், காற்றுக்குழாய் ஆகிய மூன்றில் ஒன்று. கழுத்து வரை நிரப்பும் பழக்கமும் காரணமாகலாம். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். காலையில் 28 டிகிரியில் நிரப்பிய 40 லிட்டர், மத்தியானம் 40 டிகிரியில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் வெளியேதான் வரும். பம்பு துப்பாக்கி முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். தொகையை ‘ரவுண்ட்’ ஆக்குவதற்காக மேலும் ஊற்றக் கூடாது என்பது பங்க் ஊழியர்களுக்கும் தெரிந்தால் நல்லது.

சூடாக நிறுத்தியதும் கடுமையாக வந்து, இரவுக்குள் அடங்கினால் கார்புரேட்டர். எப்போதும் ஒரே மாதிரி இருந்து, மூடிய ஷெட்டில் காலையில் அதிகமாகத் தெரிந்தால் ரப்பர் ஹோஸ், பம்பு அல்லது டேங்கின் அடிப்பகுதி. ஓடும்போது வண்டிக்குள் மட்டும் வந்தால் டிக்கி ரப்பரையும் பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள அட்டையின் இடைவெளிகளையும் பாருங்கள். கண் எரியும் புகை வாடை வேறு. அது, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் முழுதாகத் திரும்பாததால் இருக்கலாம்.

இதை உறுதிசெய்ய மூன்று இரவுகள் போதும், ஒரு ஸ்பேர் பார்ட்டும் வாங்க வேண்டாம். முதல் இரவு, பாதி டேங்க் பெட்ரோலுடன் வண்டியை நிறுத்தி, அடியில் முன்னாலிருந்து பின்வரை பழுப்புக் காகிதம் விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவையுங்கள். பெட்ரோல் காய்ந்துவிடும், ஆனால் சொட்டிய இடத்தில் மங்கலான வளையம் நிற்கும். இரண்டாம் இரவுக்கு முன், வெட்டவெளியில் கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலை நிறுத்தி, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். எலெக்ட்ரிக் பம்பு உள்ள மோரிஸ் மைனரில் பம்பின் வயரைக் கழற்றினால் போதும். மற்றவற்றில், ஹோஸ் புதிதாக இருந்தால் அதை அழுத்திப் பிடிக்கலாம். விறைத்துப்போன பழைய ஹோஸை அழுத்தினால் வெடித்துப் புதுக் கசிவு உண்டாகும். அப்படி ஃப்ளோட் சேம்பரைக் காலிசெய்த இரவு வாடை இல்லையென்றால், கார்புரேட்டரைப் பிரிக்கலாம். மூன்றாம் இரவு, டேங்கில் கால் பங்கு மட்டும். ஓட்டித்தான் குறைக்க வேண்டும். வாயால் உறிஞ்சி எடுப்பது நுரையீரலுக்கு ஆபத்து. வாடை குறைந்தால் டேங்கின் மேல்பகுதி.

பகுதி தெரிந்த பிறகு குறிப்பிட்ட இணைப்பைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த பருத்தித் துணியால் சுற்றி, மேலே பாலிதீன் தாளை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். காலையில் தெருவில் சற்று நடந்துவிட்டு வந்து, ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்துப்போய் முகர்ந்தால் எது என்று தெரிந்துவிடும். டேங்கின் தையலிலும் அடியிலும் முகப்பவுடர் தூவிவைத்தால், ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கருத்த கோடு காட்டிக்கொடுக்கும்.

கார்புரேட்டரில் பெரும்பாலும், சேம்பர் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வுதான் குற்றவாளி. ஒரு துகள் தூசி அதன் இருக்கையில் மாட்டினாலும் பெட்ரோல் நிற்காமல் ஏறி வழியும். அந்த வால்வை மூடவைக்கும் பித்தளை ஃப்ளோட்டை (மிதவையை)க் காதருகே ஆட்டிப் பாருங்கள்; உள்ளே சளசளவென்றால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம்தான் அது. உள்ளே பெட்ரோல் இருக்கும்போது ஈயம் பற்றவைக்கக் கூடாது. முழுதாக வடித்துக் காயவைத்த பிறகே. புது ஃப்ளோட் கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம். எஸ்யூ என்ற நிறுவனத்தின் கார்புரேட்டரின் பழைய வகையில், பெட்ரோல் பாயும் சிறு குழாயான ஜெட்டைச் சுற்றிக் கார்க் வளையங்கள் உண்டு. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அவை காய்ந்து சுருங்கி, அடியில் சொட்டும். புதுக் கார்க்கை ஒரு இரவு என்ஜின் ஆயிலில் ஊறவைத்து மாட்ட வேண்டும். மோரிஸ் மைனரிலும் பிஎம்சி என்ஜின் கொண்ட அம்பாசிடரிலும் கார்புரேட்டரும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். வழியும் பெட்ரோல் சூடான இரும்பின் மேல் விழும் அமைப்பு அது. ஓவர்ஃப்ளோ குழாய் எக்ஸாஸ்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

மைனரின் எஸ்யூ எலெக்ட்ரிக் பம்பு தானே ஒரு சோதனைக் கருவி. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் டக் டக் என்று அடித்து, சேம்பர் நிரம்பியதும் நிற்க வேண்டும். நின்ற பின்னும் சில விநாடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ போகிறது, அல்லது பம்பின் உள்வால்வு பின்னோக்கி விடுகிறது. இக்னிஷன் காயில் சூடேறும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் சாவியை அப்படியே விட வேண்டாம்.

பட்டறைகளில் ‘ஏசி பம்பு’ என்று சொல்லப்படும் மெக்கானிக்கல் பம்பில், உள்ளே இருக்கும் சவ்வான டயாபிராம் கிழிந்தால், பெட்ரோல் பம்பின் உடலில் உள்ள சிறு துளை வழியே வெளியே வரும், அல்லது நேராக என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். இரண்டாவது மோசம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக உயர்ந்திருந்து பெட்ரோல் வாடை அடித்தால் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. டயாபிராமையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான். பழைய பம்பை எடுத்துவிட்டு, சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு எலெக்ட்ரிக் பம்பைப் பொருத்துவது இப்போது பரவலாகிவிட்டது. இந்தக் கார்புரேட்டர்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்துக்கு உரியவை. ஐந்து, ஆறு பிஎஸ்ஐ தரும் பம்பை மாட்டினால் நல்ல நீடில் வால்வும் தோற்றுப்போகும்.

ஹோஸ் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு பழைய கார்க்காரர்களின் புகார் கூடியிருக்கிறது. எத்தனால் பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊதவைக்கும், இளக்கும், காய்ந்தால் வெடிக்கவைக்கும். டேங்கில் பல வருடம் படிந்து, துருத்துளைகளை அடைத்து நின்ற பிசினையும் கரைத்துவிடும். ஓட்டை ஏற்கெனவே இருந்தது, எத்தனால் அதைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லாப் பழியையும் அதன் மேல் போடுவதும் சரியல்ல.

வெடிப்பில்லாத ஹோஸிலும் வாடை வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெட்ரோல் ரப்பரின் சுவரை ஊடுருவி ஆவியாக வெளியேறும். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே30 தரத்தில் ஆர்7 வகை ஹோஸுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 550 கிராம்; ஆர்9 வகைக்கு 15 கிராம். எட்டு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் ஹோஸ் என்று கணக்குப் போட்டால், முதல் வகை நாளொன்றுக்கு 14 கிராம்வரை விடலாம். இரண்டாவது அரை கிராம்கூட விடாது. மூடிய ஷெட்டில் இந்த வித்தியாசம் மூக்குக்கே தெரியும். ஆகவே மேலே ‘ஆர்9’ என்று அச்சிட்ட, உட்சுவர் ஃப்ளோரோ ரப்பரால் ஆன ஹோஸையே கேட்டு வாங்குங்கள். எழுத்தே இல்லாத கருப்பு டியூப் மலிவுதான். மீன்தொட்டிக் குழாய் போன்ற, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் சில வாரங்களில் மஞ்சளாகி விறைத்து, நுனியிலிருந்து நழுவிவிடும். பல் வெட்டிய சாதாரணக் கிளிப் மெல்லிய ஹோஸைக் கீறும். வட்டமாக முழுதும் பிடிக்கும் சிறு கிளிப்பே சரி.

சில அவசர வைத்தியங்களையும் நிறுத்த வேண்டும். டேங்க் ஓட்டையில் பார் சோப்பைத் தேய்ப்பது வீடு வந்து சேர்வதற்கு மட்டும். சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும். பிளம்பரின் வெள்ளை டேப்பைப் பித்தளை இணைப்பில் சுற்றினால் கசிவு நிற்காது. அங்கே அடைப்பது மரையல்ல, உலோக வாய்தான். டேப்பின் துணுக்கு மட்டும் போய் நீடில் வால்வில் உட்காரும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, “காலி டேங்க்தானே” என்று வெல்டிங் வைப்பது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில்தான் வெடிக்கத் தகுந்த அளவில் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். டேங்கைக் கழற்றி, பலமுறை கழுவி, நீராவி பாய்ச்சி, ஒட்டும் இடம் மட்டும் மேலே இருக்கும்படி தண்ணீர் நிரப்பி, அனுபவமுள்ள ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் பற்றவைப்பதே முறை. துளைகள் நான்கைந்துக்கு மேல் இருந்தால் புது டேங்க் செய்துகொள்வதே மேல்.

உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தர எண் அச்சிடாத ஹோஸைப் பெட்ரோலுக்கு என்று சொல்லி விற்காதீர்கள். எண்ணெய் நிறுவனங்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு பம்பிலும் எத்தனால் சதவீதத்தைக் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள். பெருநகரங்களில் சில பங்க்குகளிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலைப் பழைய வண்டிகளுக்காகத் தொடருங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் பழுதுபார்ப்போர்,
கோயம்புத்தூர்