காத்மாண்டு என்றால் இரண்டே கோயில்தானா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த காத்மாண்டு பயணக் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பசுபதிநாதர், சுயம்புநாத் இரண்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்பது போல முடித்திருக்கிறார்கள். மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்கள் மொத்தம் ஏழு.

அதே பள்ளத்தாக்கில் இருக்கும் பக்தபூரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! அங்குள்ள ஐந்தடுக்கு நியாதபோலா கோயிலின் படிக்கட்டில் இருபுறமும் கீழே மல்லர்கள், அவர்களுக்கு மேலே யானைகள், அப்புறம் சிங்கங்கள், நம்ம யாளியை நினைவூட்டும் உருவங்கள், உச்சியில் பெண் தெய்வங்கள் என்று வரிசையாகக் காவல் இருப்பார்கள். ஒவ்வொரு ஜோடியும் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலம் என்பது ஐதீகம். பலம்தான் போலிருக்கிறது, 1934, 2015 நிலநடுக்கங்கள் இரண்டையும் தாங்கி நிற்கிறது.

காத்மாண்டு நகரத்துக்கே பெயர் தந்த காஷ்டமண்டபம் அப்படித் தப்பவில்லை. 2015-இல் தரைமட்டமாகி, பிறகு மரம், செங்கல், மண் என்று பழைய முறையிலேயே திரும்ப எழும்பியது. கட்டுரையில் அது வெறும் 'பழைய மண்டபம்'.

சரி, அதே பள்ளத்தாக்கில் பாட்டன் என்ற ஊரில் இருக்கும் கிருஷ்ணர் கோயிலையாவது சொல்லியிருக்கலாம். மரமும் செங்கல்லுமாக இருக்கும் ஊரில் முழுக்கக் கல்லால் கட்டியது, மகாபாரத, ராமாயணக் காட்சிகளைச் சுற்றிலும் செதுக்கியிருக்கிறார்கள். நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு இருக்கிறது. அடுத்த பகுதி வருமானால் இந்த மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்